குளிர்ப் புல்வெளிக்குப் புதிய தீவனப் பயிர்: விதைக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டில் ஐந்தாறு மாதம் பனி மூடிக் கிடக்கும் புல்வெளிப் பகுதிகளில் புதுத் தீவன விதை அறிமுகமாகும்போது கூடவே ஒரு படமும் வரும். இடுப்பளவு வளர்ந்த பச்சை, நடுவில் சிரித்தபடி நிற்கும் ஒருவர். படத்தைப் பார்த்ததும் நான் கேட்பது இரண்டுதான். விதைத்து எத்தனையாவது ஆண்டில் எடுத்தது? அதற்கு முந்தைய குளிர்காலம் எப்படி இருந்தது? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து கிளைத்தவை.

புல்வெளியிலேயே புல் இருக்கிறதே, புதிய பயிர் எதற்கு?

இயற்கைப் புல் கோடையில் மூன்று, நான்கு மாதம் நன்றாகத் தீனி கொடுக்கும். முடை மற்ற மாதங்களில்தான். பனி உருகிய பிறகு பழைய புல் துளிர்க்கும்வரை ஒரு பஞ்சம் வரும். இலையுதிர் காலத்தில் புல் பழுத்துப் புரதம் இறங்கும்போது இன்னொன்று. நடுக் குளிர்காலம் முழுக்க உலர்புல்லை நம்பித்தான் ஓட வேண்டும். இந்த மூன்றில் எதை அடைக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மத்திய ஆசியாவின் ஸ்டெப்பிப் புல்வெளியைச் சேர்ந்த கிரெஸ்டட் வீட்கிராஸ், வட அமெரிக்காவில் வசந்தத்தின் முதல் மேய்ச்சலுக்காக மதிக்கப்படுவது. ரஷ்யன் வைல்ட்ரை என்ற புல் இலையுதிர் காலத்திலும் புரதத்தை ஓரளவு பிடித்துவைத்திருப்பதால் கடைசி மேய்ச்சலுக்கு ஆகும். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற பயறு வகைத் தீவனம் புரதத்துக்கு. ஓட்ஸும் பார்லியும் அந்த ஆண்டுக்கான குளிர்காலத் தீனிக்கு. எந்த இடைவெளிக்கு என்று தெரியாமல் "நல்ல பயிரா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உழப்படாத இயற்கைப் புல்வெளியைக் கிழித்துப் புதுப் பயிர் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. பல நூறு ஆண்டுகள் வேர் பின்னிய மண் அது. சோதனைக்கு ஏற்கெனவே உழுத நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

எத்தனை ஆண்டு சோதித்தால் போதும்?

பல்லாண்டுப் பயிர் என்றால் விதைத்த ஆண்டைக் கணக்கில் சேர்க்காமல் குறைந்தது மூன்று அறுவடை ஆண்டுகள். முடிந்தால் அடுத்த ஆண்டு அதே சோதனையைப் பக்கத்திலேயே மறுபடி விதைக்க வேண்டும். ஏனென்றால் முதல் விதைப்புக்கு நல்ல மழையும் மென்மையான குளிர்காலமும் வாய்த்திருக்கலாம்.

இந்த அவகாசம் கொடுக்காவிட்டால் நல்ல பயிர்களும் தோற்றுப்போகும். சைசர் மில்க்வெட்ச் என்ற பயறு வகைத் தீவனம் அதற்குச் சரியான உதாரணம். விதைத்தோல் கடினமானது. தோலை உராய்ந்து விதைத்தாலும் முதல் ஆண்டில் களைக்கு நடுவே தேட வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டில் நிலத்தடித் தண்டால் பரவி இடத்தை நிரப்பிவிடும். முதல் ஆண்டு எடையைப் பார்த்துத் தள்ளியிருந்தால் அதை இழந்திருப்போம். எதிர்ப்புறம், வேகமாக எழும்பும் பல புல் வகைகள் இரண்டாம் குளிர்காலத்துக்குப் பிறகு பாத்தியில் இருந்த அடையாளமே இல்லாமல் போய்விடும்.

சோதனை வயலை எப்படி அமைப்பது?

ஒவ்வொரு ரகத்தையும் நான்கு தொகுதிகளில், ஒவ்வொரு தொகுதியிலும் குலுக்கல் முறையில் இடம் மாற்றி விதைப்பதே வழக்கமான ஏற்பாடு. வயலின் ஒரு மூலை ஈரமாக இருக்கும், இன்னொரு மூலையில் காற்று பனியை வாரிக்கொண்டு போயிருக்கும். ஒரே பாத்தியில் விதைத்தால் நாம் அளப்பது அந்த மூலையைத்தான், ரகத்தை அளந்ததாகாது.

ஒப்பீட்டு ரகம் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஏற்கெனவே விதைத்துவரும், குணம் தெரிந்த பழைய ரகம். மோசமான குளிர்காலத்தில் அதுவும் பாதி செத்திருந்தால், புது ரகம் பாதி செத்தது குற்றமாகாது.

விதை அளவில்தான் பலர் தவறுகிறார்கள். எடை சமமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். திமோத்திப் புல்லின் ஆயிரம் விதை அரை கிராம்கூடத் தேறாது. சேன்ஃபாயின் என்ற பயறு வகைச் செடியின் விதை நெற்றோடு சேர்ந்து அதைப்போல் பல மடங்கு எடை. ஆகவே முளைக்கக்கூடிய விதைகளின் எண்ணிக்கையைத்தான் சமப்படுத்த வேண்டும். தூய்மை 90 சதவீதம், முளைப்புத் திறன் 80 சதவீதம் என்றால் கையில் உள்ள மூட்டையில் உயிருள்ள நல்ல விதை 72 சதவீதம்தான். ஆழம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். சின்ன விதையை ஆழத்தில் புதைத்துவிட்டு ரகத்தைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது.

பயறு வகையாக இருந்தால் அதற்குரிய வேர்முடிச்சு பாக்டீரியாவும் கூடவே போக வேண்டும். காகசஸ் பகுதியைச் சேர்ந்த கலேகாவுக்கு அதற்கென்றே உள்ள பாக்டீரியா இனம் தேவை. புது மண்ணில் அது இருக்காது. அதைப் பூசாமல் விதைத்தால் செடி மஞ்சளடித்து நிற்கும்.

குளிரைத் தாங்குகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

வசந்தத்தில் வேர்த்தலையைத் தோண்டிப் பார்த்துச் சொல்வேன். தண்டும் வேரும் சேரும் அந்த இடத்தில்தான் அடுத்த ஆண்டு மொட்டுகள் உறங்குகின்றன. மண் இளகியதும் மண்வெட்டியால் ஒரு குதிரைமசால் செடியை ஒரு சாண் ஆழத்துக்குப் பெயர்த்து எடுங்கள். கத்தியால் வேரை நெடுக்காகப் பிளங்கள். உள்ளே முள்ளங்கி வெட்டினாற்போல் வெள்ளையாக, விறைப்பாக, ஈரமாக இருந்தால் செடி பிழைத்திருக்கிறது. பழுப்பு நிறத்தில், நார்நாராக, அழுத்தினால் நீர் வடிந்தால் அது முடிந்த கதை. மேலே இரண்டு துளிர் தெரிந்தாலும் முதல் அறுப்போடு சாகும். ஓரத்தில் மட்டும் பழுப்பு என்றால் அந்தச் செடிக்கு இன்னும் ஓராண்டு கொடுக்கலாம்.

அதன் பிறகு எண்ணிக்கை. குதிரைமசாலில் ஒரு சதுர அடிக்குள் 55 தண்டுக்கு மேல் இருந்தால் விளைச்சலுக்குக் குறைவில்லை. 40-க்குக் கீழே போனால் அந்த வயலைத் திருப்பி உழுவதைப் பற்றி யோசிக்கலாம். செடியை எண்ணுவதைவிடத் தண்டை எண்ணுவது நம்பகமானது, ஏனென்றால் செடி குறைந்தாலும் மிஞ்சியவை கூடுதலாகத் தூர் கட்டி ஈடுசெய்யும்.

எது கொன்றது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். "குளிரில் செத்தது" என்று எழுதினால் போதாது. வெறும் குளிர் ஒரு காரணம். வேர்த்தலை இருக்கும் மண்ணின் வெப்பம் மைனஸ் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கினால் நன்றாகப் பக்குவப்பட்ட குதிரைமசாலும் சேதமாகும். ஆனால் மேலே 10, 15 சென்டிமீட்டர் பனி படுத்திருந்தால் காற்று மைனஸ் 30 ஆனாலும் மண் அந்த அளவுக்குப் போகாது. இரண்டாவது காரணம், நடுக் குளிர்காலத்தில் மழையோ உருகலோ வந்து, மறுபடி உறைந்து, வயல்மீது பனிக்கட்டி மூடிபோல் படிவது. அதனடியில் செடி மூச்சுவிட முடியாமல் சாகும். ஐஸ்லாந்திலும் வட நார்வேயிலும் இதுதான் பெரிய எதிரி. திமோத்தி இதைத் தாங்கும், பல்லாண்டு ரைகிராஸ் தாங்காது. மூன்றாவது பனிப்பூஞ்சை. உறையாத மண்மீது நெடுநாள் பனி கிடந்தால் அடியில் இலைகள் வெளிறி ஒட்டிக்கொண்டு அழுகும். நான்காவது, மண் உறைந்து இளகி உறைந்து வேரையே மேலே தள்ளிவிடுவது. நான்குக்கும் தாங்கும் குணம் வேறுவேறு. ஒன்றில் வென்ற ரகம் இன்னொன்றில் தோற்கலாம்.

உறைவிப்புப் பெட்டியில் வைத்து, எந்த வெப்பநிலையில் பாதிச் செடிகள் சாகின்றன என்று அளக்கும் ஆய்வகச் சோதனையும் உண்டு. நூறு ரகத்தைப் பத்தாகக் குறைக்க அது உதவும். கடைசித் தீர்ப்பை வயலுக்குத்தான் விட வேண்டும்.

குளிர்நாட்டு விதை என்றால் எல்லாக் குளிர்நாட்டுக்கும் பொருந்திவிடுமா?

பொருந்தாது. செடி குளிர்காலத்துக்குத் தயாராவது பகல் சுருங்குவதைப் பார்த்துத்தான். தெற்கிலிருந்து வந்த ரகம் வடக்கின் இலையுதிர் காலத்தில் இன்னும் கோடைதான் என்று நம்பி வளர்ந்துகொண்டே இருக்கும். சர்க்கரையை வேரில் சேமிக்காமல் இலையில் செலவழிக்கும். முதல் கடும் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். வட நார்வேயிலிருந்து வந்த 'எங்மோ' என்ற பழைய திமோத்தி ரகம் இதற்கு எதிர்முனை. சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்தி அடங்கிவிடும், அதனால் பிழைக்கும். ஆனால் தெற்கே கொண்டுபோனால் இரண்டாம் அறுப்புக்கு ஒன்றும் தராது. உயரமான பீடபூமிக்கு நிலைமை வேறு. திபெத்தியப் பீடபூமியில் அட்சரேகை குறைவு, குளிரோ கடுமை. அங்கே யாக்குகளுக்காக அந்த மண்ணிலேயே வளர்ந்த எலிமஸ் இனப் புற்களை விதைப்பதும், ஓட்ஸை உலர்புல்லுக்கு வளர்ப்பதும் காரணத்தோடுதான்.

தாங்காத செடியிலிருந்து தாங்கும் ரகத்தை உருவாக்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். 1857-இல் வெண்டலின் கிரிம் என்ற ஜெர்மானிய விவசாயி அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடியேறியபோது ஊரிலிருந்து சில கிலோ குதிரைமசால் விதையைக் கொண்டுவந்தார். விதைத்ததில் பெரும்பகுதி அங்கத்திய குளிரில் செத்தது. மிஞ்சிய செடிகளிலிருந்து விதை எடுத்தார், மறுபடி விதைத்தார், மறுபடி செத்தது, மறுபடி மிஞ்சியதில் எடுத்தார். ஆண்டுக்கணக்கில் இதையே செய்தார். பின்னாளில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் குதிரைமசால் வேரூன்றியதற்கு அவர் பெயரிலேயே வழங்கும் அந்த ரகம் அடித்தளம் ஆனது. அவர் வயலில் குளிர்காலம் செய்த வேலையை இன்றைய ஆய்வு நிலையங்கள் திட்டமிட்டுச் செய்கின்றன. பாத்தியில் 90 சதவீதம் செத்துப்போனால் நான் வருத்தப்படுவதற்கு முன் மிச்சமுள்ள பத்தில் அடையாளக் குச்சி நடச் சொல்வது அதனால்தான்.

விளைச்சலை எப்படி அளப்பது?

உலர் எடையில் மட்டும். பச்சை எடை நீரின் எடை. பாத்தியை அறுத்து நிறுத்ததும் அதிலிருந்து அரை கிலோ மாதிரி எடுத்து 60 முதல் 65 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். பெரும்பாலும் இரண்டு நாள். 500 கிராம் 110 ஆனால் உலர்பொருள் 22 சதவீதம். பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவை மட்டும் அறுக்கவும், ஓரத்துக்கு எப்போதும் வெளிச்சமும் ஈரமும் கூடுதல். களையைப் பிரித்து நிறுக்கவும். பச்சையாகத் தெரிந்ததில் கால்வாசி களையாக இருந்த பாத்திகள் உண்டு.

கடைசி அறுப்பில் எச்சரிக்கை. கொல்லும் உறைபனிக்கு முந்தைய நாலைந்து வாரத்தில் குதிரைமசாலை அறுத்தால், வேருக்குப் போக வேண்டிய சர்க்கரை மறுதாம்புக்கு, அதாவது அறுத்த பின் வரும் புதுத் துளிருக்கு, போய்விடும். சோதனையில் எல்லா ரகத்துக்கும் ஒரே அறுப்பு முறை இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

ஆய்வக அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மூன்று போதும். புரதம், நார், தின்றதில் எவ்வளவு செரிக்கும் என்ற செரிமானம்.

புரதம் என்று அறிக்கையில் வருவது நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கிய எண். இறைச்சி மாடுகளுக்கு எளிதாக நினைவில் நிற்கும் கணக்கு ஒன்று உண்டு: நடுச்சினையில் 7 சதவீதம், கடைச்சினையில் 9, கன்று ஈன்று பால் கொடுக்கையில் 11. குளிர்காலத் தீனியை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் எது எந்த மாட்டுக்கு என்று புரிந்துவிடும். 7-க்குக் கீழே போனால் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே பட்டினி, அதன் பிறகு வைக்கோல் மலைபோல் குவிந்திருந்தாலும் மாடு மெலியும்.

மாடு எவ்வளவு தின்னும் என்பதை நார் சொல்கிறது. 120-ஐ மொத்த நார்ச் (NDF) சதவீதத்தால் வகுத்தால், மாடு தன் உடல் எடையில் எத்தனை சதவீதம் உலர்தீனி தின்னும் என்ற தோராயம் கிடைக்கும். 500 கிலோ மாடு 40 சதவீத நார் உள்ள தீனியில் 15 கிலோ தின்னும். அதே மாடு 60 சதவீதத்தில் 10 கிலோவோடு நிறுத்திக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லா ரகத்தையும் ஒரே தேதியில் அறுத்து அனுப்பினால் தாமதமாகக் கதிர்விடும் ரகம்தான் எப்போதும் தரமானதாகத் தெரியும். அது இளசாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே தேதியிலும் ஒரே பருவத்திலும், அதாவது கதிர் எட்டிப்பார்க்கும் சமயத்திலும், தனித்தனியாக மாதிரி எடுத்தால்தான் உண்மை தெரியும்.

மாடு விரும்பித் தின்னுமா?

மாட்டைத்தான் கேட்க வேண்டும். ஆனால் முதல் நாளே கேட்கக் கூடாது. பழகாத செடியை முகர்ந்துவிட்டுப் போவது மாட்டின் இயல்பு. ஒன்றிரண்டு வாரம் பழக்கிய பிறகு பாருங்கள். பாத்திகளை அருகருகே திறந்துவிட்டு எதற்கு முதலில் போகிறது என்று பார்ப்பது விருப்பத்தைக் காட்டும், அவ்வளவே. வேறு வழியில்லாத பிப்ரவரியில் எவ்வளவு தின்னும் என்பது தனிக் கேள்வி. மேய்ச்சல் வயலில் கம்பிக்கூண்டுகளைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இருப்பதையும் வெளியே மிஞ்சியதையும் அறுத்து நிறுத்தால் தின்ற அளவு தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே எடைமேடை இருக்கிறது. இரவு முழுக்க தீனியும் தண்ணீரும் காட்டாமல் காலையில் நிறுத்து, சில வாரம் கழித்து அதேபோல் நிறுத்தால் வரும் வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது.

நச்சு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த வடிவில் மாட்டுக்குப் போகப்போகிறதோ அந்த வடிவில் சோதித்தால் தெரியும். இதை வலியுறுத்த ஸ்வீட் க்ளோவர் கதை ஒன்றே போதும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்கும் அருமையான பயிர் என்று அது பரவியது. 1920-களில் மாடுகள் ரத்தம் கசிந்து சாகத் தொடங்கின. கொம்பு நீக்கினால், காயடித்தால் ரத்தம் நிற்கவே இல்லை. கனடிய கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் அந்தப் பயிரை உலர்த்திய ஒரே வைக்கோலில் நல்ல தண்டுகளையும் பூஞ்சை பிடித்த தண்டுகளையும் பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்றது பிழைத்தது, கெட்டதைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி பனிப்புயலில், செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கெட்டுப்போன வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்கின் ஆய்வகம் ஆறு ஆண்டு உழைத்து 1939-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. செடியில் இயல்பாக உள்ள கூமரினைப் பூஞ்சை டைகூமராலாக மாற்றிவிடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து அந்த ஆய்வின் வழியில் வந்ததுதான். பச்சையாகச் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஈரம் போகாமல் கட்டிய வைக்கோலில்தான் நஞ்சு உண்டானது.

இன்னும் இரண்டை நினைவில் வையுங்கள். ஓட்ஸ், பார்லி போன்றவை வறட்சியாலோ உறைபனியாலோ வளர்ச்சி நின்றால் நைட்ரேட்டைத் தண்டில் தேக்கும். உலர்பொருளில் 1 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து, ரத்தம் சாக்லேட் நிறமாகும். உலர்த்தினால் நைட்ரேட் குறையாது, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து சைலேஜ் ஆக்கினால் ஓரளவு குறையும். வசந்தத்தின் முதல் இளம்புல்லில் மக்னீசியம் குறைந்து பொட்டாசியம் கூடி, பால் கறக்கும் மாடு திடீரென்று வலிப்பு வந்து விழும். கிரெஸ்டட் வீட்கிராஸில் இது நன்கு அறியப்பட்டது. சீக்கிரம் துளிர்க்கும் எந்தப் புதுப் புல்லுக்கும் அந்தப் பருவத்தில் தாது உப்புச் சோதனை செய்ய வேண்டும்.

குதிரைமசாலில் வயிறு உப்புசம் வருகிறதே, மாற்று உண்டா?

சேன்ஃபாயின். அதில் உள்ள டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வயிற்றில் நுரை கட்டாது. சைசர் மில்க்வெட்சும் உப்புசம் தராது. சேன்ஃபாயின் ஆயுளும் மறுதாம்பும் குதிரைமசாலைவிடக் குறைவு என்பதை ஏற்றுக்கொண்டுதான் விதைக்க வேண்டும்.

புதுப் பயிர் களையாகிவிடுமா?

ஆகலாம். இந்தக் கேள்வியை விளைச்சல் கேள்விக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சோஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் காகசஸ் மலைச் செடி. சோவியத் நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சைலேஜுக்காகப் பரப்பப்பட்டது. குளிரைத் தாங்கும், ஆள் உயரத்துக்கு மேல் வளரும், எடை அபாரம். கேட்ட எல்லா எண்ணிலும் முதலிடம். பாலில் சோம்பு வாடை அடித்தது. சாறு தோலில் பட்டு வெயில் விழுந்தால் தீக்காயம்போல் கொப்பளித்தது. பண்ணைகள் கைவிட்ட பிறகு சாலையோரம், ஆற்றங்கரை, பாழ்நிலம் என்று தானாகப் பரவியது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. இன்று அதை ஒழிக்கத்தான் செலவு.

கிரெஸ்டட் வீட்கிராஸின் வழக்கு இவ்வளவு எளிதல்ல. 1930-களின் வறட்சியில் கைவிடப்பட்ட கோதுமை நிலங்களில் மண் பறப்பதை அது நிறுத்தியது. அந்த நன்றி அதற்கு உரியது. ஆனால் எண்பது, தொண்ணூறு ஆண்டு கழித்தும் பல இடங்களில் அதுமட்டுமே நிற்கிறது, நாட்டுப் புல் திரும்ப வரவில்லை.

ஆகவே சோதனை வயலைச் சுற்றி வெற்று வரப்பு விடுங்கள். வேலிக்கு வெளியே எத்தனை நாற்று முளைக்கிறது, சாணியில் விதை உயிரோடு வருகிறதா, இரண்டு முறை உழுதால் சாகிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். பரவிய இடத்திலிருந்து எடுக்க வழி தெரியாத செடி வேலியைத் தாண்டக் கூடாது.

நல்ல பயிர், ஆனால் விதை கிடைக்கவில்லையே?

அடிக்கடி நடப்பதுதான். தீவனத்துக்கு இலை வேண்டும் என்று தேர்ந்தெடுத்த செடி விதையைக் குறைவாகத் தரும், அல்லது ரஷ்யன் வைல்ட்ரைபோல் பழுத்ததும் உதிர்த்துவிடும். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஒரு சிறு பாத்தியை விதைக்காக ஒதுக்கி, எவ்வளவு தேறுகிறது என்று குறித்து வாருங்கள்.

பனிக்கடியில் மாட்டை மேயவிட முடியுமா?

கனடாவின் மேற்கில் பல பண்ணைகள் செய்கின்றன. பார்லி அல்லது ஓட்ஸைத் தாமதமாக விதைத்து, மணி மெழுகுபதத்தில் இருக்கும்போது, கடும் உறைபனிக்கு முன்னால் அறுத்து வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். பனி அதை மூடும். மாடு மூக்கால் பனியை விலக்கித் தின்னும். மின்வேலியைச் சில நாளுக்கு ஒருமுறை நகர்த்தினால் விரயம் குறையும். இந்த வேலைக்கு ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அறுத்த அன்று எடுத்த மாதிரி பயன்படாது. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் பனியை விலக்கி அதே வரிசையிலிருந்து எடுத்து அனுப்புங்கள். பனி உருகி உறைந்து மேலே கெட்டியான ஓடு படியும் பகுதிகளில் இம்முறை வேண்டாம். மாட்டால் உடைக்க முடியாது.

என் சொந்தப் பண்ணையில் நானே சோதிக்கலாமா?

தாராளமாக. மூன்று ரகத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், அதில் ஒன்று உங்கள் பழைய ரகமாக இருக்கட்டும். வயல் நெடுக நீளப் பட்டைகளாக, ஒவ்வொன்றும் மூன்று முறை வருமாறு விதையுங்கள். மேடும் பள்ளமும் எல்லாப் பட்டையிலும் விழ வேண்டும். நோட்டில் விதைத்த நாள், பனி விழுந்த நாள், ஒவ்வொரு மாதமும் பனியின் ஆழம், மேலே பனிக்கட்டி படிந்ததா என்பது, உருகிய நாள், முதல் துளிர் தெரிந்த நாள் இவற்றை எழுதுங்கள். வசந்தத்தில் ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து இடத்தில் ஒரு சதுர அடிச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து, விழுந்த இடத்தில் தண்டுகளை எண்ணுங்கள். நல்ல இடமாகப் பார்த்து வைக்க மனம் இழுக்கும், அதற்காகத்தான் எறியச் சொல்கிறேன். எண்ணி முடித்ததும் பக்கத்தில் இரண்டு செடியைத் தோண்டி, வேரைப் பிளந்து, நிறத்தை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.